சாட்டுக்குப் பின் ராத்தங்கியவள்

கொரோனா வந்த வருடம் டிவியில் ஒரே தேடல். இந்த மாவட்டத்தில் முதல் நோயாளி யார், இந்தத் தெருவில் முதல் நோயாளி யார், அவர் எங்கே போனார், யாரோடு டீ குடித்தார். கண்டுபிடித்த வீட்டு வாசலில் தகரம் வைத்து அடைத்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தார்கள். நான் எழுந்து போய் டிவியை நிறுத்தினேன். அந்த ‘முதல்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரீட்சையில் முதல் என்றால் மாலை போடுகிற அதே ஜனம், நோயில் முதல் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அவளை மண்ணோடு மண்ணாக்காமல் விடாது. எங்கள் ஊரில் அந்த முதல் ஆள் என் அம்மா.

கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, தறிச்சத்தம் ஓயாத சின்ன ஊர் எங்களுடையது. நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே தவறிவிட்டார். அம்மா வீட்டு முன்னறையில் இட்லிக்கடை போட்டு என்னை வளர்த்தாள். காலையில் தறிக்குப் போகிறவர்களும் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் அவளுடைய இட்லிக்குத்தான் காத்து நிற்பார்கள். மாவு பொங்கின பதத்தை மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். வாய் மட்டும் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் ‘அதுக்கென்னங்க’ என்பாள். ஊரில் நல்ல பேர் வாங்க அது போதும், காப்பாற்றிக்கொள்ளப் போதாது. எனக்கு அப்பாவின் வாய் என்று சொல்வார்கள். அது பாராட்டில்லை.

பஸ் நிற்கிற இடத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் எனக்கு வேலை. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டுக்குள் போன், வெளியே மீட்டரும் நானும். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்று ஊரே நம்பியது. எங்கள் ஊர்க்காரர்கள் திருப்பூருக்குப் பேசினால் போன் இல்லாமலே திருப்பூருக்குக் கேட்கும். கல்யாணப் பேச்சு, பாகச் சண்டை, கள்ள உறவு எல்லாம் என் காதில் விழுந்துகொண்டிருந்தன. ‘காதுல உழுந்தத வாயில கொண்டாந்துராத கண்ணு, அப்பறம் ஒருத்தனும் வரமாட்டான்’ என்று முதலாளி சொல்லியிருந்தார். அதுவரை கொண்டுவந்ததில்லை.

சித்திரையில் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. நோம்பி ஆரம்பித்துவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பதைப் பூச்சாட்டு என்பார்கள். சாட்டிவிட்டால் யார் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. அம்மாவின் சட்னிகூட அந்த நாட்களில் கடுகைப் பார்க்காது. அப்புறம் மூன்று கிளை பிரிந்த மரத்தை வெட்டிக்கொண்டுவந்து கோயில் முன்னால் கம்பமாக நடுவார்கள். தினமும் விடிகாலையில் பெண்கள் குளித்துவிட்டுப் போய், கோயில் கிணற்றில் தண்ணீர் சேந்தி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். சொம்பில் கொஞ்சம் மிச்சம் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோர் வாயிலும் தீர்த்தமாக விடுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டு ஒன்று உண்டு. சாட்டின பிறகு, கம்பத்தைப் பிடுங்கும்வரை, ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் ஈரோட்டுச் சந்தைக்குப் போகலாம், கோவைக்குப் போகலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் ஊருக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் அம்மன் குத்தம். பிழைக்கப் போன ஊரிலிருந்து சாட்டுக்கு வந்தவர்கள் வேலை போனாலும் பரவாயில்லை என்று நோம்பி முடியும்வரை இங்கேயே கிடப்பார்கள். இதில் எனக்கு அப்போது பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்களுக்கு நேர் எதிர்வீட்டுக்காரர்தான் அந்த வருடம் கம்பத்தைத் தோளில் சுமந்துவந்து நட்டவர். கையில் காப்புக் கட்டியிருந்தார். பங்காளிகளோடு பல வருடம் மல்லுக்கட்டி அவர் வாங்கிய மரியாதை அது. காப்புக் கட்டினவர் வீட்டில் நோய்நொடி, தீட்டு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் காப்பை அவிழ்த்து அடுத்த பங்காளிக்குக் கட்டிவிடுவார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என் அம்மாவை அக்கா என்பாள். எங்கள் கடை இட்லியைத் தின்றுதான் அவள் பையன் வளர்ந்தான் என்று அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பம் நட்ட ஓரிரு நாளில் அந்த அக்காவுக்கு வாந்திபேதி கண்டது. புருஷன் கோயிலே கதியென்று கிடந்தார். அவள் வீட்டுப் பின்பக்கம் பொடக்காலியில் சுருண்டு விழுந்து கிடந்ததை எங்கள் மாட்டுக்குக் கழுநீர் எடுக்கப் போன என் அம்மாதான் பார்த்தாள். கழுவிவிட்டு, துணியை அலசிப்போட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தேற்றினாள். அம்மாவைத் தேடிப்போன நான் வாசற்படியில் நின்றபோது உள்ளே சூடம் எரிந்துகொண்டிருந்தது.

‘வெளிய தெரிஞ்சா அவருக்குக் காப்ப அவுத்துப்போடுவாங்க அக்கா. அந்தப் பங்காளிக மூஞ்சியில முழிக்க முடியாதுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சூடத்த அணச்சு சத்தியம் பண்ணுங்க.’

‘அதுக்கென்ன அம்மணி’ என்று சொல்லி, அம்மா உள்ளங்கையால் அடித்துச் சூடத்தை அணைத்தாள்.

அக்கா இரண்டு நாளில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் பூத்தில் கூட்டம் கூடிவிட்டது. ‘கொழந்தைகள நோம்பிக்குத் தாட்டிவுட வேண்டாம், இங்க ஊட்டுல எல்லாத்துக்கும் சூடு புடிச்சுக்கிச்சு, நிக்காம போவுது’ என்று ஒருத்தர். ‘மாப்ளைக்கு நுங்கு ஒத்துக்கல, ரெண்டு நாளா வவுத்தால’ என்று இன்னொருத்தர். தெற்குத் தெரு, மேட்டுத் தெரு, கோயில் வீதி என்று எல்லாத் தெருவிலிருந்தும் வந்து கத்தினார்கள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, ‘ஊட்டுல எல்லாஞ் சௌக்கியந்தானுங்க’ என்று யாரும் கேட்காமலே சொன்னார்கள். அம்மன் நோம்பி நடக்கும்போது என் வீட்டில் நோய் என்று சொல்வது, என் வீட்டில் குத்தம் இருக்கிறது என்று நாமே தண்டோராப் போடுவதற்குச் சமம். அதனால் ஊர் முழுக்கச் சூடு, ஊர் முழுக்க நுங்கு.

அப்புறம்தான் அம்மாவுக்கு வந்தது. கடையை எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உச்சிவெயில் ஏறுவதற்குள் கண் குழி விழுந்துவிட்டது. கெண்டைக்கால் இரண்டும் சுருட்டி இழுத்தன. குரல் வரவில்லை. நான் தீர்த்தம் குடிக்காதவள். வீட்டுக்குத் தூரமாகி ஒதுங்கியிருந்த நாட்கள் என்பதால் என்னைக் கம்பத்துப் பக்கமே விடவில்லை. தீட்டு என்று அவர்கள் ஒதுக்கிவைத்ததுதான் என்னைக் காப்பாற்றியது என்பது பிற்பாடுதான் புரிந்தது. அப்போது புரிந்தது ஒன்றே ஒன்று. இவளை இப்படியே வைத்திருந்தால் செத்துப்போவாள்.

நூல் மூட்டை ஏற்றும் வேன் ஒன்று கோவைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் படுக்கவைத்தேன். தெருவில் நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. ‘பொழுது சாயறதுக்குள்ள கூட்டியாந்துரு கண்ணு’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அதைச் சொன்னவர்களில் எதிர்வீட்டு அக்காவும் ஒருத்தி.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா என்னைத் திட்டினாள். காலராவா என்று கேட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லிப் பீதியைக் கிளப்ப வேண்டாம், வாந்திபேதி என்றே சொல் என்றாள். சாயங்காலம் அம்மாவுக்கு நினைவு திரும்பியது. கண்ணைத் திறந்ததும் என்னைக் கேட்கவில்லை, தனக்கு என்ன என்று கேட்கவில்லை. ‘பொழுது சாஞ்சுருச்சா?’ என்றாள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ‘இன்னும் வெயில் இருக்குதும்மா’ என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பொய்யைத்தான் சொல்வேன்.

அம்மா பிழைத்தாள். அப்படியாக எங்கள் ஊரில் சாட்டை மீறி வெளியே ராத்தங்கின ஒரே ஆள் என் அம்மா. ஆஸ்பத்திரியில் பேர் பதிவான ஒரே ஆளும் அவள்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் தகவல் சொல்ல, நாங்கள் ஊர் திரும்பின அன்றே சுகாதார இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாக வீடு வீடாகப் போய், ‘யாருக்காச்சும் வாந்தி, பேதி இருந்துதுங்களா?’ என்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுத்தான். ‘இல்லீங்க. வெயிலுக்குக் கொஞ்சம் சூடுங்க.’ குழிக்குள் கண் செருகி, சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்த ஆளும் சூடு என்றுதான் சொன்னான். அரசாங்கத்தைச் சேர்ந்தவர் என்றால் இரண்டாம் முறை கேட்காமல் நம்பிவிடுவார் போலிருக்கிறது. கடைசியில் எங்கள் கடை முன்னால் வந்து நின்றார். பின்னாலேயே தெருவும் வந்தது.

‘மொதல்ல வந்தது உங்களுக்குத்தானுங்கம்மா. அதுக்கு முன்னால ஊருல வேற யாருக்காச்சும் இருந்துதுங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.’

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அக்கா தன் வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா அவளைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

‘தெரியலைங்க’ என்றாள் அம்மா.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சத்தியம் பண்ணினது அம்மாதானே, நான் இல்லையே. ‘எதுக்கும்மா மறைக்கற? சார், மொதல்ல வந்தது எதிர்வீட்டக்காவுக்குங்க. எங்கம்மாதான் கழுவித் தொடச்சாங்க. தெக்குத் தெருவுல இருக்குது, கோயில் வீதியில இருக்குது. பூத்துல இவங்க போன் பண்ணிச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க’ என்று கத்தினேன். முதலாளி சொன்னதெல்லாம் காற்றில் போனது.

இன்ஸ்பெக்டர் எதிர்வீட்டைப் பார்த்துத் திரும்பினார். அக்கா சிரித்தாள். ‘ஏங்கண்ணு, எனக்கென்ன வந்துது? நா நல்லாத்தான இருக்கறேன். உங்கம்மாவுக்கு முடியாமப் போச்சுன்னு மனசு கெட்டுப்போயிப் பேசற.’ கோயில் காரியங்களைப் பார்க்கிற தர்மகர்த்தா, ‘காப்புக் கட்டுன ஊட்டு மேல இப்புடி அபாண்டம் பேசக் கூடாதுங்க அம்மணி’ என்றார். அவருடைய மருமகன்தான் நுங்கு ஒத்துக்கொள்ளாதவர்.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் அம்மாவைக் கேட்டார். ‘உங்க பொண்ணு சொல்றது நெசமுங்களா?’

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ‘சின்னப் புள்ளைங்க. என்னையப் பாத்துப் பயந்துபோயி ஏதோ உளர்றா. மனசுல வெச்சுக்காதீங்க.’

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கினவள் என் அம்மா. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஒரு கட்டிச் சூடத்தின் மேல் பண்ணின சத்தியத்துக்கு அவள் கொடுத்த மரியாதையை, பெற்ற மகளுக்குக் கொடுக்கவில்லை என்றுதான் அப்போது பட்டது. இப்போதும் சில நாட்களில் அப்படித்தான் படுகிறது.

இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு நேராகிவிட்டது. முதல் ஆள் இட்லிக்கடைக்காரி. ஊர் முழுக்க அவள் கையால் சாப்பிடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மாவில் கொஞ்சம் பாட்டிலில் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தைக் குண்டானோடு தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். நல்ல பதத்தில் பொங்கியிருந்த மாவு. அவ்வளவு பலவீனத்திலும் அம்மா எட்டிப் பார்த்தாள். எங்கள் வாசலில் மட்டும் பிளீச்சிங் பவுடரைக் கோடு போட்ட மாதிரி கொட்டிவிட்டுப் போனார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது.

‘இட்லிக்காரி ஊட்டுல இருந்துதான் வந்துதாமா’ என்று பேச்சு கிளம்பியது. அதோடு ஒரு கிளை. சாட்டை மீறிப் போய் ராத்தங்கினாள், அதனால்தான் அம்மன் ஊரையே பிடித்துக்கொண்டாள். ஊர் திரும்பியபிறகுதான் நோய் வந்தது என்று ஒரு கூட்டம், போவதற்கு முன்னாலேயே இட்லியில் வந்தது என்று ஒரு கூட்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே இடத்தில் இறக்கிவைத்தார்கள்.

மேட்டுத் தெருவில் ஒரு தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு முடியாமல் போனது. சாயங்காலமாகிவிட்டது, விடிந்ததும் கோவைக்குக் கொண்டுபோய்விட்டுப் பொழுதுக்குள் திரும்பிவிடலாம் என்று வைத்திருந்தார்கள். விடிவதற்குள் குழந்தை போய்விட்டது. இன்னும் பால் மறக்காத குழந்தை. எங்கள் இட்லியை அது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதன் வாய்க்குள் போனது தாய்ப்பாலும் தீர்த்தமும்தான். அந்தத் தாய் தலைவிரிகோலமாக எங்கள் வாசலுக்கு வந்து, மண்ணை வாரித் தூற்றினாள். ‘உன்ற குடும்பம் வெளங்காமப் போவ’ என்றாள். நான் வெளியே ஓடப்போனேன். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒரே ஒரு ராத்திரி ஊருக்கு வெளியே படுத்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இன்றைக்குக் கல்யாணமாகியிருக்கும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

கம்பத்தைப் பிடுங்கிக் கோயில் கிணற்றில் விட்டு, மஞ்சள் நீராடி நோம்பி முடிந்தது. மறுநாள் பார்க்க வேண்டுமே வேடிக்கையை! பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்கு ஊரே திரண்டு போனது. இத்தனை நாள் சூடு பிடித்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் வாந்திபேதி வந்துவிட்டது. எப்போதிருந்து என்று கேட்டால், ‘நேத்திருந்துதானுங்க.’ ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் நேற்றிலிருந்துதான். எதிர்வீட்டு அக்காவும் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தாள். இப்படி எல்லோரும் வரிசையில் பின்னால் போய் நின்றுகொண்டதில், முன்னால் என் அம்மா தன்னந்தனியாக நின்றாள்.

கொஞ்ச நாள் கழித்து இன்ஸ்பெக்டர் பூத்துக்கு வந்தார், கோவையில் இருந்த மேலதிகாரியிடம் பேச. என்னை அடையாளம் தெரிந்து, கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டார். அவரும் கத்தித்தான் பேசினார். ‘ஆமாங்க சார், கெணத்துத் தண்ணிதானுங்க. பக்கத்துலயே புதுசாக் கக்கூஸ் கட்டியிருக்கறாங்க, குழி கசியுது. மாவுல ஒன்னும் இல்லீங்க சார், சுத்தமா இல்லீங்க.’

அந்தக் கழிப்பறை தர்மகர்த்தாவின் உபயம். நோம்பிக்கு வரும் கூட்டத்துக்காகக் கோயிலுக்குப் பின்னால் கட்டி, நீலப் பெயிண்டில் தன் பேரைப் பெரிதாக எழுதிவைத்திருந்தார். வருடம் முழுவதும் யாரும் சீண்டாத அந்தக் கிணற்றை நோம்பி நாட்களில் மட்டும்தான் ஊர் சேந்திக் குடித்தது.

வெளியே வந்தவரை நான் விடவில்லை. ‘மாவுல ஒன்னும் இல்லைன்னீங்களே. ஊருல வந்து சொல்லுங்க.’

‘மேல எழுதியனுப்பியாச்சுங்க அம்மணி. கெணத்துல மருந்து போடச் சொல்லியாச்சு. ஊருக்குள்ள சொல்றது கோயில் கமிட்டி வேலைங்க.’

‘அப்பறம் எங்கம்மாதான் மொதல்லங்கறது?’

‘அத எப்புடிங்க மாத்தறது? எங்களுக்குத் தெரிஞ்சு மொதல்ல வந்தது அவங்கதான? மொதல் கேஸுன்னா தப்புப் பண்ணுனவங்கன்னு அர்த்தமில்லீங்க. ஒரு இதுக்கு, எங்கிருந்து தேட ஆரம்பிக்கறதுன்னு தெரியறதுக்கு.’

அவர் சொன்னது நியாயம்தான். அவருக்கு அது தேட ஆரம்பிக்கிற இடம். எங்கள் ஊருக்கு அது தேடி முடித்த இடம். எதிர்வீட்டு அக்காவுக்கு முன்னாலும் யாராவது இருந்திருக்கலாம், யார் கண்டது? நோய் வந்தவர்களில் முதல் ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. நோயை ஒத்துக்கொண்டவர்களில் முதல் ஆள் யார் என்பதுதான் தெரிந்தது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறந்து பேச்சு வளர்ந்தால் காரியம் கெடும் என்று அம்மாவே பேசினாள். அவள் எவரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள். ‘எங்கடையில இருந்து வல்லைன்னு கோயில் மைக்குல ஒருக்காச் சொல்லிப்போடுங்க. யாருனால வந்துதுன்னு சொல்ல வேண்டாமுங்க. என்னாலயில்லைன்னு மட்டும் சொன்னாப் போதுமுங்க.’

அவர் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மோர் கொடுத்தார். எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். ‘நீங்க சொல்றது செரிதானுங்கம்மா. ஆனா உங்க கடையில்லைன்னு சொன்னா, பின்ன எதுன்னு சனங் கேக்கும். கோயில் கெணறுன்னு சொல்லோணும். அம்மன் தீர்த்தத்துல நோயின்னு சொன்னா அம்மன் பேரு என்னாகறதுங்க? நீங்களே சொல்லுங்க, அம்மன் பேரு கெடலாமுங்களா?’

கெட்டுப்போகக் கூடியது அம்மன் பேரா, நீலப் பெயிண்டில் எழுதின பேரா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், ‘புள்ளைக்குச் சீக்கிரம் ஒரு எடத்தப் பாருங்க’ என்றார். அம்மா எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். மோரை நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை.

கடையைத் திறக்கலாம் என்று சுகாதாரத்துறை சொல்லிவிட்டது. அம்மா மாவாட்டினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், ஈடு ஈடாக இட்லி எடுத்தாள். ஒருத்தர் வரவில்லை. தெருவோடு போனவர்கள் எங்கள் கடை வந்ததும் எதிர்ப் பக்கத்துக்கு ஒதுங்கிப் போனார்கள். ஆறிப்போன இட்லியை மாட்டுக்குப் போட்டாள். மறுநாளும் எடுத்தாள், மறுநாளும் மாட்டுக்குப் போட்டாள். ஆட்டுகிற அரிசியைக் குறைத்துக்கொண்டே வந்தாள், கடையை மட்டும் மூடவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் புதிதாக ஒருத்தன் தள்ளுவண்டி போட்டான். எதிர்வீட்டுப் பையன் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு தினமும் எங்கள் கடையைத் தாண்டி அந்த வண்டிக்குப் போனான். அவன் போகிற நேரத்துக்கு அம்மா எப்படியோ வாசலில் நிற்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போவான்.

ஊர் போகட்டும், ஊருக்குத் தெரியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் எங்கள் மாவில் ஒன்றும் இல்லை என்று ஆய்வு சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்த ஒருத்தி அந்த ஊரில் உண்டென்றால் அது எதிர்வீட்டு அக்காதான். தனக்கு எப்போது வந்தது, யார் கழுவிவிட்டது, எல்லாம் அவளுக்குத் தெரியும். காப்பும் பத்திரமாக இருந்தது, நோம்பியும் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறமும் அவள் வீட்டுப் போசி எங்கள் பக்கம் திரும்பவில்லை. அம்மா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு ராத்தூக்கம் கெட்டது மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த பூச்சாட்டு வருவதற்கு முன்னால் ஊரைக் காலி செய்தோம். கோவையில் ஒரு மில் விடுதிச் சமையலறையில் அம்மாவுக்கு வேலை கிடைத்திருந்தது. கிரைண்டரையும் பாத்திரங்களையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து உள்ளே வந்தாள். வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நடிப்பென்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே அழுதாள்.

‘உங்களாட்ட மனசு யாருக்கு வருமுங்கக்கா. ஏழு சென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.’

அம்மா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் கேட்டாள். ‘அம்மணி, ஒன்னே ஒன்னு கேக்கறேன். ஊருக்குத் தெரியாது, வாங்குல. உனக்குத் தெரியுமில்ல? நீயேன் ஒரு நாளும் எங்கிட்ட வந்து நாலு இட்லி வாங்குல?’

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல அம்மாவைப் பார்த்தாள்.

‘எப்புடிங்கக்கா வாங்கறது? நா மட்டும் வந்து வாங்குனா, ஊரே பயப்படறப்ப இவ மட்டும் ஏன் பயப்படாம வாங்கறான்னு சனம் கேக்குமுங்களே.’

அம்மா தன் கையை உருவிக்கொண்டாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னாள்.